தராசுமுள்ளும் ஏழு பொட்டலமும்

என் மகளைக் கட்டியவர் லாரிகளை எடை போடுகிறவர். நெடுஞ்சாலை ஓரத்தில் ஓர் இரும்பு மேடை, பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. லாரி மேடையில் ஏறி நின்றால் உள்ளே எண் தெரியும். அவர் சீட்டு அடித்துக் கொடுப்பார். மொத்த எடை, காலி வண்டி எடை, சரக்கு எடை. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. உட்கார்ந்தபடி பார்க்கிற வேலை, அலைச்சல் இல்லை என்று நினைத்துத்தான் பெண்ணைக் கொடுத்தேன்.

உட்கார்ந்தபடிதான், ஆனால் சந்தேகப்படுகிற வேலை. ஒரு டிரைவர் பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் தள்ளி நிறுத்துவார். இன்னொருவர் காலி வண்டி என்று சொல்லி இருக்கைக்கு அடியில் இரும்புக் கட்டியை ஒளித்து வைத்திருப்பார். மூன்றாமவர் ஒன்றுமே செய்திருக்க மாட்டார், ஆனாலும் திருட்டு முழி முழிப்பார். அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் இவர் அறையை விட்டு இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து பார்த்துவிட்டுத்தான் சீட்டு அடிப்பார். டிரைவர்கள் இவருக்கு வைத்த பெயர் தராசுமுள். "முள்ளு உள்ள இருக்காரா, இல்ல லீவா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை மேடைக்கே ஏற்றுவார்கள்.

முள் வீட்டுக்கு வந்தாலும் முள்தான். பால் பாத்திரத்தை மோந்து பார்ப்பார். மருந்துப் புட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார். கடையில் வாங்கிய அரிசி மூட்டையை மறுநாள் வேலை இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கே பார்சலுக்கென்று இருக்கும் சின்னத் தராசில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளிச்சத்தில் இருப்பதும் பேய்தான்.

அப்படிப்பட்டவர் மேலேயே எங்களுக்குச் சந்தேகம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று விடிவதற்குள் வீட்டை விட்டுக் கிளம்ப ஆரம்பித்தார். கேட்டால், "சீக்கிரமே லோடு வருது" என்றார். பையில் மாற்றுச் சட்டை. திரும்பி வந்ததும் போட்டிருந்த சட்டையைத் தானே துவைத்தார். கைக்குட்டையைக்கூடத் துவைத்தறியாத மனுஷன். என் மகள் நாலு வாரம் பொறுத்தாள். ஐந்தாம் வாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, இவருக்கு வேற எங்கயோ குடும்பம் இருக்கு."

"இந்த மூஞ்சிக்கா?"

"சிரிக்காதம்மா. இடுப்பு வேற குறைஞ்சிருக்கு. சீப்பு வாங்கியிருக்காரு."

சீப்பு என்றதும் எனக்கும் சந்தேகம் தட்டியது. மறுநாள் விடியற்காலையில் நாங்கள் இருவரும் பின்னாலேயே நடந்தோம். அவர் எடை மேடைக்குப் பின்னால் லாரிகள் நிறுத்துகிற பெரிய மைதானத்துக்குள் போனார். வேறு குடும்பம் லாரியில் குடியிருக்கிறதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பார்த்தால், பழைய செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பையிலிருந்து புது ஷூவை எடுத்து மாட்டினார். நின்றிருந்த லாரிகளைச் சுற்றி ஓட ஆரம்பித்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, பதினேழு சுற்று. என் மகள் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுதாள் என்று அவளுக்கே தெரியாது.

பதினெட்டாவது சுற்றில் எங்களைப் பார்த்துவிட்டார். திருடன் மாதிரி நின்றார்.

"இதுக்கு எதுக்கு மாப்பிள்ளை பொய் சொன்னீங்க?" என்றேன்.

"டிரைவருங்களுக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க அத்தை."

"இவகிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்: "அந்தக் கண்ணாடிக்குள்ள உக்காந்தா வர்றவன் எல்லாம் என்னை ஏமாத்தவே வர்ற மாதிரி இருக்கு. வீட்டுக்கு வந்தாலும் அது போக மாட்டேங்குது. ஓடும்போது மட்டும் யாரும் என்னை ஏமாத்தல. அவ்வளவுதான்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என் மகள் அவரை ஓட விட்டாள். பிறகு நடந்ததற்கெல்லாம் பொறுத்துப் போனதும் அதற்காகத்தான்.

மைதானம் போதவில்லை, சாலைக்கு வந்தார். ஐந்து கிலோமீட்டர் பத்தாயிற்று, பத்து இருபதாயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டப் போட்டி ஒன்று நடக்கும். இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரிலிருந்து கிளம்பி, இவருடைய எடை மேடை வரைக்கும் போய்த் திரும்பி வரவேண்டும். எட்டு மணி நேரத்துக்குள் வந்தால்தான் கணக்கு. அதில் பெயர் கொடுத்தார்.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் நான் உருளைக்கிழங்கு அவித்து, உப்புப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு துண்டு தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார். மறுநாள் காலையில் பச்சைத் தண்ணீர் மட்டும்.

"வெறும் வயித்தோடயா ஓடப் போறீங்க?"

"அத்தை, இருபது வருஷமா பாக்குறேன். லோடு வண்டி மேட்டுல முக்கும். காலி வண்டி பறக்கும்."

"டீசலையும் இறக்கிட்டா பறக்குமா?" என்று கேட்டேன். நான் கேட்டது சத்தியம். என் மகள் சாட்சி. ஆனால் மாமியார் சொல்லுக்கு எந்தத் தராசில் எடை உண்டு? சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

முப்பதாவது கிலோமீட்டரில் விழுந்தார். கால் இரண்டும் மரக்கட்டை ஆகிவிட்டதாம். கண் முன்னால் சாலை ஆடியதாம். யாரோ தூக்கி உட்கார வைத்து ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். பத்தே நிமிஷத்தில் தெளிந்து எழுந்துவிட்டார். மற்றவர்களாக இருந்தால் பசி என்று புரிந்துகொள்வார்கள். இவருக்குச் சந்தேகம் வந்தது. பத்து நிமிஷத்தில் செத்தவனை எழுப்புகிற தண்ணீரில் என்ன கலந்தார்கள்?

ஒரு வாரம் விசாரணை நடந்தது. ஷூ விற்ற கடைக்காரரை விசாரித்தார். சாலையை அளந்தவர்கள் சரியாக அளந்தார்களா என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அளந்து பார்த்தார். கடைசியில் விசாரணை என் அடுப்படிக்கு வந்தது.

"அத்தை, அந்த உருளைக்கிழங்கு எந்தக் கடையில வாங்கினது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்க வயித்துக்குள்ள போனது ரெண்டு துண்டு. மிச்சத்தை நானும் இவளும் தின்னோம். நாங்க எந்த ரோட்டுல விழுந்து கிடந்தோம்?" என்றேன். அன்றிலிருந்து ஒரு வருஷம் நான் வீட்டில் உருளைக்கிழங்கே அவிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பிடிவாதத்தில் எனக்குச் சமமான மருமகன் வாய்த்தது என் விதி.

அடுத்த வருஷம் வேறு விதமாகக் கெடுத்தார். இந்தத் தடவை தாகம்தான் பகைவன் என்று கண்டுபிடித்திருந்தார். ஓடி முடித்ததும் பார்சல் தராசில் ஏறி நின்றால் எடை குறைந்திருக்கிறது. குறைந்தது எங்கே போயிற்று? வியர்வையாகப் போயிற்று. போனதைத் தண்ணீராக ஊற்றினால் தராசு சமமாகும். சீட்டு சரியாக வந்தால் மனுஷனும் சரியாக இருப்பான். இப்படி ஒரு கணக்கு. வேறு எந்த ஓட்டக்காரருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. தராசோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு மட்டுமே வரும்.

போட்டி அன்று பாதி வழியில், தன் சொந்த அறையைத் திறந்து, தராசில் ஏறினார். கிளம்பும்போது எழுபத்திரண்டு கிலோ. இப்போது எழுபதரை. நின்ற இடத்திலேயே ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் குடித்து, முள் பழைய இடத்துக்கு வந்தபிறகுதான் இறங்கினார். அதற்கப்புறம் வழியில் இருந்த ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் இரண்டு தம்ளர், மூன்று தம்ளர். ஒரு கல் உப்புக்கூட வாயில் படவில்லை. பேருக்கு ஒரு வாழைப்பழம்.

முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாந்தி. விரல் வீங்கி மோதிரம் கடித்துக்கொண்டு நின்றது. அங்கே கூடாரத்தில் இருந்த நர்ஸ் அவரைப் பிடித்துத் தராசில் ஏற்றினாள். எழுபத்து மூன்றரை.

"இந்தத் தராசு கெட்டுப்போச்சு" என்றாராம் மாப்பிள்ளை, குழறிக்கொண்டே.

"நல்லாத்தான் இருக்கு."

"முப்பத்தெட்டுக் கிலோமீட்டர் ஓடினவன் எடை கூடுவானா? யாரை ஏமாத்துறீங்க? எப்ப முத்திரை போட்டாங்க இதுக்கு? சீட்டைக் காட்டுங்க!"

வாழ்நாள் முழுக்கத் தராசை நம்பி மனுஷரைச் சந்தேகப்பட்டவர், அன்று தராசையும் சந்தேகப்பட்டார். அப்புறம் யாரைச் சந்தேகப்படுவது என்று தெரியாமல் மயங்கிவிட்டார்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கையில் ஊசி குத்திப் படுத்திருந்தார். என் பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. என் மகளை யாரோ போலப் பார்த்தார். அந்த ஒரு பகல் நாங்கள் பட்டதைச் சொன்னால் இதை எனக்காக எழுதுகிற என் பேத்திக்குக் கை ஓடாது. அவளும் அங்கேதான் நின்றாள்.

சாயங்காலம் நினைவு திரும்பியது. அந்த நர்ஸ் வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவளே சைக்கிளில் முந்நூறு கிலோமீட்டர் போகிற ஆள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள்தான் விளக்கினாள்.

"உடம்புல உள்ள உப்பைத் தண்ணி ஊத்திக் கரைச்சிட்டீங்க சார். தாகம் எடுத்தாக் குடிங்க, அது போதும். ஆனா சாப்பாடு அப்படி இல்ல. பசிக்கிறதுக்கு முன்னாடியே சாப்பிடணும். பசிச்சப்புறம் சாப்பிட்டா அது லேட்டு. மணிக்கு ரெண்டு வாழைப்பழம் அளவுக்கு உள்ள போகணும். கூடவே கொஞ்சம் உப்பு."

"எடை குறையுமே?"

"ஒரு கிலோ, ஒண்ணரைக் கிலோ குறையட்டும். குறையாம வந்தாத்தான் நான் பயப்படுவேன்."

"ஓடுறப்ப சாப்பிட்டா வயித்தைப் புரட்டுது."

"காலைப் பழக்குனீங்கல்ல? வயித்தையும் பழக்குங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஓடிக்கிட்டே சாப்பிடுங்க. போட்டி அன்னிக்குப் புதுசா எதையும் வாயில வைக்காதீங்க."

அவள் போனதும் மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். "அத்தை, இந்தப் பொண்ணு வாழைப்பழ வியாபாரியோட சொந்தக்காரியா இருக்குமோ?"

அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது. ஆள் பழையபடி ஆகிவிட்டார்.

ஆனால் என் மகளுக்கு நிம்மதி இல்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அவர் ஷூவை எடுத்துக் குப்பைத் தொட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஒரே தடவை. அடுத்த வருஷம் நீங்க முழுசா ஓடி, உங்க கால்ல நடந்து, என் பேரைச் சரியா சொல்லணும். வழியில விழுந்தீங்கன்னா இது தொட்டிக்குள்ள போகும். அப்புறம் நீங்க மைதானத்துல கூட ஓடக் கூடாது. ஒத்துக்கிறீங்களா?"

அவர் ஷூவைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கண்ணாடி அறைக்குள் வருஷம் முழுக்க, ஓட்டமே இல்லாமல், வருகிறவனையெல்லாம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்திருப்பார்.

"ஒத்துக்கிறேன்" என்றார்.

அன்று நான் உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினேன். பிடிவாதத்துக்கும் ஒரு நேரம் காலம் உண்டு.

அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வயிற்றைப் பழக்குவதில் போயிற்று. ரொட்டியும் ஜாமும் கொடுத்துப் பார்த்தோம். பத்துக் கிலோமீட்டர் தாண்டியதும் தொண்டையில் ஒட்டிக்கொண்டது என்றார். தேன் கொடுத்தோம், சட்டையெல்லாம் எறும்பு. கடையில் விற்கிற பசை மாதிரி ஒன்றை வாங்கி, அதில் எழுதியிருந்ததையெல்லாம் படித்துவிட்டு, "இத்தனை பேரு உள்ள இருந்தா யாரை நம்புறது?" என்று திருப்பிக் கொடுத்தார். கடைசியில் நிலைத்தது என் உருளைக்கிழங்குதான். சின்னதாக நாலு, தோல் உரித்து, உப்பில் புரட்டியது. கூட மூன்று பேரீச்சம்பழம். மணிக்கு ஒரு பொட்டலம்.

பொட்டலத்தை மெழுகுத்தாளில் சுற்றி நூலால் கட்டுவேன். எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் முதல் மணிப் பொட்டலத்துக்கு நூலில் ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு, இப்படி ஏழு வரைக்கும். அவர் முதலில், "இது எதுக்கு அத்தை, எல்லாம் ஒண்ணுதானே?" என்றார். இருபத்தைந்து கிலோமீட்டர் தாண்டினால் எதைச் சாப்பிட்டோம், எதைச் சாப்பிடவில்லை என்றே மறந்துபோகிறது என்பது பிறகுதான் அவருக்குப் புரிந்தது. ஓடிக்கொண்டே பைக்குள் கையை விட்டு முடிச்சைத் தடவிப் பார்ப்பார். மூன்று முடிச்சு இன்னும் பையில் இருந்தால் மூன்றாம் மணி பாக்கி. கண்ணும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

ஆனாலும் ஒவ்வொரு பொட்டலத்தையும் தராசில் வைத்துப் பார்த்தபிறகுதான் பையில் போட்டார். மாமியார் கை உப்பையும் எடை போட்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். ஒரு நாள் அப்படி எடை போட்டுக்கொண்டே சொன்னார்: "நான்தான் தப்பா எழுதிட்டேன் அத்தை. டீசலைச் சரக்குக் கணக்குல எழுதிட்டேன்."

"சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும். இதுக்கு ரெண்டு வருஷமும் ஒரு ஆஸ்பத்திரியும் வேண்டியிருந்துச்சா?" என்றேன்.

போட்டி வந்தது. ஏழு பொட்டலத்தையும் சுமந்துகொண்டு ஓட முடியாது. மூன்றை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டார். மிச்சம் நாலை, பாதி வழியில் இருக்கும் எடை மேடை அறையில் வைக்க வேண்டும்.

"நானும் அம்மாவும் அங்க வந்து நிக்கிறோம், கையில குடுக்கிறோம்" என்றாள் மகள்.

"நீங்க வெயில்ல வச்சிருப்பீங்க. கெட்டுப்போயிடும்."

"அப்ப கூட வேலை செய்யிறவர்கிட்ட குடுங்க."

"அவன் திறந்து பாப்பான். திறந்து பாத்தா ஒண்ணு எடுத்துத் திம்பான்."

முதல் நாள் சாயங்காலம் அவரே போனார். நாலு பொட்டலத்தையும் மேசை இழுப்பறைக்குள் வைத்தார். இழுப்பறைக்கு ஒரு பூட்டு. அறைக்கு ஒரு பூட்டு. ஞாயிற்றுக்கிழமை எடை மேடைக்கு விடுமுறை, யாரும் வரமாட்டார்கள். இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டி இடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாற்றுச் சாவி என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. இருந்தால் யாராவது எடுத்துவிடுவார்களே.

நாங்கள் முடிகிற இடத்தில் போய் உட்கார்ந்தோம். என் மகள் மடியில் பழைய செருப்பு. ஓடி வந்ததும் மாட்டிக்கொள்ள.

இனிமேல் நான் சொல்வது அவர் சொன்னதும், மூன்று ஹாரன் சொன்னதும். இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். ஒத்துப்போனது.

மூன்று ஹாரன் ஒரு ஜல்லி லாரி டிரைவர். எங்கே நின்றாலும் மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டுத்தான் நகருவார், அதனால் அந்தப் பெயர். போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை அவரை மடக்கியிருந்தார். முன்சக்கரம் மேடைக்கு வெளியே. திரும்ப ஏற்றினால் லோடு அதிகம். "திங்கக்கிழமை வா, அதிகமா இருக்கிறதை இறக்கிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த மனுஷர் மைதானத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமைக்காகக் காத்துக்கிடந்தார்.

மாப்பிள்ளை மூன்றரை மணி நேரத்தில் எடை மேடைக்கு வந்து சேர்ந்தார். உடம்பு நன்றாகவே இருந்தது. சாவிக்காகப் பைக்குள் கையை விட்டார். சாவி இல்லை. பையைக் கவிழ்த்தார். ஒரு நூல் விழுந்தது, அவ்வளவுதான். மூன்றாவது பொட்டலத்தை இழுத்தபோது அதோடு சாவியும் வந்து சாலையில் எங்கோ விழுந்திருக்கிறது.

இருபத்திரண்டு வருஷம் உள்ளேயிருந்து வெளியே பார்த்த கண்ணாடி. இன்றைக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தார். மேசை தெரிந்தது, இழுப்பறை தெரிந்தது, அதன் மேல் அவர் போட்ட பூட்டு பளபளவென்று தெரிந்தது. ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. அதுவும் அவர் வைக்கச் சொன்னதுதான். பக்கத்துப் பந்தலில் தண்ணீர்க் குடம் மட்டும் இருந்தது. முன்னால் போனவர்கள் பழத்தையெல்லாம் தீர்த்துவிட்டார்கள்.

தண்ணீரைக் கண்டாலே அவருக்கு இப்போது பயம். இரண்டு வாய் குடித்தார். கால் மணி நேரம் பூட்டை ஆட்டினார். நேரமும் போயிற்று, தெம்பும் போயிற்று. நாலாம் மணிப் பொட்டலத்துக்கான நேரம் நெருங்கி வயிறு காந்த ஆரம்பித்தது. கால் மரக்கட்டை ஆகிற வழி அவருக்குத் தெரியும். என் மகள் தூக்கிப் பிடித்த ஷூவும் ஞாபகத்தில் இருந்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"என்னண்ணே, உங்க பூட்டை நீங்களே உடைக்கிறீங்க? யாருக்கும் சொல்ல மாட்டேன், உடைங்க."

மூன்று ஹாரன். லாரி நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்து, ரொட்டிக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை பூட்டை விட்டுவிட்டுத் திரும்பினார். மூன்று ஹாரன் அவரை மேலும் கீழும் பார்த்தார். உதடு வெளுத்திருந்ததாம்.

"சாப்பிட்டு ரொம்ப நேரமாச்சோ? வாங்க, ரெண்டு ரொட்டி சாப்பிடுங்க."

"வேண்டாம்."

"ஏன்?"

"நேத்து உன்னை நிறுத்தி வச்சவன் நான்."

"அதுக்கு?"

"நீ எதுக்கு எனக்கு ரொட்டி குடுக்கணும்?"

மூன்று ஹாரன் சிரித்தே விட்டாராம். "அண்ணே, உங்களைக் கொல்லணும்னா ரொட்டி எதுக்கு? இருபது டன் ஜல்லி இருக்கு." பிறகு ஒரு துண்டை எடுத்துப் பாதியைக் கடித்துத் தின்று காட்டினார். அடுத்ததை நீட்டினார். "எடை போட்டுக் குடுக்கலாம்னு பாத்தா, உங்க தராசு உள்ள பூட்டிக் கிடக்கு. இன்னிக்கு ஒரு நாள் எடை போடாம வாங்கிக்கங்க."

மாப்பிள்ளை அந்த ரொட்டியைத் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் ரொட்டி ஒட்டிக்கொள்ளும் என்பது ஞாபகம் வந்தது. போட்டி அன்றைக்குப் புதிதாக எதுவும் வேண்டாம் என்று நர்ஸ் சொன்னதும் வந்தது. கொடுக்கிற கை யாருடைய கை என்பதும் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, சாலை இலேசாக ஆட ஆரம்பித்தது.

சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து, தண்ணீர் தொட்டு, மென்று விழுங்கினார். மூன்று ரொட்டி. "உப்பு இருக்கா?" என்று கேட்டார். மூன்று ஹாரன் லாரிக்குள் ஏறி ஒரு டப்பாவை எடுத்து வந்தார். உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொண்டார். கிளம்பும்போது அந்த மனுஷர் இன்னும் நாலு ரொட்டியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, வாழைப்பழம் இரண்டையும் சேர்த்து அவர் பையில் திணித்தார். பின்னாலேயே மூன்று தடவை ஹாரனும் அடித்தார்.

நாங்கள் முடிகிற இடத்தில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஓட்டம் தொடங்கி ஏழரை மணி நேரம் ஆயிற்று. ஏழே முக்கால் ஆயிற்று. என் மகள் செருப்பை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். எட்டு மணி நேரம் முடிய ஆறு நிமிஷம் இருக்கும்போது வளைவில் ஒரு உருவம் தெரிந்தது. ஓட்டம் என்று சொல்ல முடியாது, அதற்காக நடை என்றும் சொல்ல முடியாது. ஆனால் நேர்கோட்டில் வந்தது. கோட்டைத் தாண்டினார். நேரே என் மகள் முன்னால் வந்து நின்றார். அவள் பெயரைச் சொன்னார். சரியாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "அத்தை" என்றார்.

என் மகள் அழவில்லை. கையைப் பிடித்து மோதிரத்தைத் திருகிப் பார்த்தாள். தாராளமாகச் சுற்றியது. பிறகு இடுப்புப் பைக்குள் கையை விட்டாள். செய்தித்தாள் வந்தது. ஜாம் கறை.

"இது என்ன? அம்மா செய்தித்தாள்ல சுத்த மாட்டாங்களே? முடிச்சு எங்க? நாலு முடிச்சு, அஞ்சு முடிச்சு எல்லாம் எங்க? யார் குடுத்தாங்க இதை?"

அவர் முழித்தார். மேடையில் ஒன்றுமே செய்யாமல் திருட்டு முழி முழிக்கிற அந்த மூன்றாம் டிரைவர் இப்படித்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சாவி, கண்ணாடி, ரொட்டி, இருபது டன் ஜல்லி. என் மகள் கேட்டுவிட்டுச் செருப்பைக் கீழே வைத்தாள். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தாள். பக்கத்திலேயே குப்பைத் தொட்டி இருந்தது. அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அவள் ஷூவிலிருந்த மண்ணை அந்தத் தொட்டியில் தட்டிவிட்டு, ஷூவைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு லீவு. ஓடக் கூடாது" என்றாள். அவ்வளவுதான் தீர்ப்பு.

திங்கட்கிழமை ஆள் வைத்து இரண்டு பூட்டையும் உடைத்தார்கள். இரண்டு நாள் வெயிலில் பூட்டிக்கிடந்த என் நாலு பொட்டலம் இழுப்பறைக்குள் என்ன நிலைமையில் இருந்தது என்பதைச் சொல்லப் போவதில்லை. மேசையை இரண்டு தடவை கழுவினார்களாம். எங்கள் கையில் கொடுத்திருந்தால் வெயில் பட்டிருக்குமாம்.

மூன்று ஹாரனுக்காக அன்று காலையில் நான் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். பெரியதாகவே கட்டினேன். லாரி மேடையில் ஏறியது. மாப்பிள்ளை அறையை விட்டு இறங்கினார். கால் வலியில் நொண்டிக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"நாலு விரல் முன்னாடி வா."

"அண்ணே! நேத்து ரொட்டி..."

"ரொட்டி வேற, டயர் வேற. முன்னாடி வா."

வண்டி நாலு விரல் முன்னால் வந்தது. அதிகமானதை இறக்கிவிட்டிருந்ததால் எடை சரியாக இருந்தது. சீட்டை அடித்து, அதோடு என் பொட்டலத்தையும் ஜன்னல் வழியாக நீட்டினார். மூன்று ஹாரன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். நூலைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"இதுல என்னண்ணே இருக்கு?"

"எங்க அத்தை கை உருளைக்கிழங்கு."

"நீங்க முதல்ல ஒண்ணு சாப்பிடுங்க, பாப்போம்."

மாப்பிள்ளை சாப்பிட்டுக் காட்டினாராம். ஒன்று இல்லை, இரண்டு.

இப்போது அந்த அறைக்குப் புதுப் பூட்டு. சாவி இரண்டு. ஒன்று என் மகளிடம் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அதை வாங்கிக்கொண்டு போய், அது அந்தப் பூட்டுக்கு உள்ள சாவிதானா என்று திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முடிச்சுப் போடுகிறேன். அவர் எண்ணிப் பார்க்கிறார்.